புல்லட் ஏன் ஆயில் கக்குகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வண்டிகளின் பிரீதர் பைப், அதாவது கிராங்க்கேஸில் (கிராங்க் சுழலும் இன்ஜினின் அடிப்பெட்டி) உள்ள காற்றையும் புகையையும் வெளியே விடும் குழாய் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறோம்.

என்னிடம் இருப்பது 1988 மாடல் புல்லட் 350. இன்ஜின் வேலை பார்த்து 8,000 கிலோமீட்டர் ஆகிறது. பிரீதர் பைப் வழியாக ஆயில் சொட்டுகிறது, டைமிங் கவர் ஓரத்திலும் கசிகிறது. பெரிய பைப் போட்டு ஒன்-வே வால்வு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வைக்கலாமா?
— கும்பகோணம் வாசகர்

வைக்கலாம். காற்றை வெளியே மட்டும் விட்டு, உள்ளே வராமல் தடுக்கும் இந்த வால்வு நல்ல மாற்றம்தான். ஆனால் ஆயில் எதனால் வெளியே வருகிறது என்று தெரியாமல் பைப்பில் கைவைக்காதீர்கள். புல்லட்டில் பிரீதர் வழியாக ஆயில் வருவதற்குப் பாதி நேரம் பிரீதர் காரணமே இல்லை.

திருவொற்றியூரில் செய்த அந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜினில் ஆயில் டேங்க் தனியாக இல்லை. கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே ஒரு அறைதான் டேங்க். ஒரு பம்ப் ஆயிலை அனுப்பும், இன்னொன்று கீழே விழுந்ததை எடுத்து டேங்குக்குத் திருப்பும். வண்டி ஒரு வாரம் நின்றால், தேய்ந்த பம்ப் வழியாக டேங்க் ஆயில் மெல்ல இறங்கி கிராங்க் அறையில் தேங்கிவிடும். அப்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் அளவு குறைந்திருக்கும். குறைந்துவிட்டதே என்று அரை லிட்டர் ஊற்றுவோம். கிக்கரை உதைத்ததும் ஃப்ளைவீல் அந்த ஆயிலையெல்லாம் வாரி அடிக்கும். அது பிரீதர் வழியாகத்தான் வெளியேறும்.

அதனால் ஆயில் அளவை எப்போதும் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். ஒரு வாரம் நிறுத்திய பிறகு கிராங்க்கேஸ் அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கொஞ்சம் வருவது இயல்பு. ஒரு டம்ளருக்கு மேல், அதாவது 200 மி.லி. தாண்டி வந்தால் குற்றவாளி பம்ப்தான். ஆயிலை அனுப்பும் ஃபீட் பம்ப்பின் டிஸ்க்கையும் அது உட்காரும் முகத்தையும் மெல்லிய லேப்பிங் பேஸ்ட்டால் தேய்த்து, இரண்டு முகமும் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகும்வரை பொருத்துங்கள். பேஸ்ட் துளிகூட மிச்சமில்லாமல் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும்.

அடுத்தது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். பிளக் இடத்தில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து ஆறேழு உதை உதைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், 5 மி.லி., இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாமல் அதே குறைந்த அளவில் நின்றால் இன்ஜின் ஹெட்டில் உள்ள வால்வு ஒழுகுகிறது. அதற்கும் பிரீதருக்கும் சம்பந்தமில்லை. புது ரிங் போடுவதானால் அதைப் போருக்குள் வைத்து, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்த பிறகே போடுங்கள். விட்டத்தில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.1 மி.மீ. என்பது பழைய கணக்கு. புல்லட் 350-இன் போர் 70 மி.மீ., ஆகவே சுமார் 0.28 மி.மீ. இதில் இரண்டு மூன்று மடங்கு இருந்தால் எந்த ஒன்-வே வால்வும் உங்களைக் காப்பாற்றாது.

இந்த இரண்டும் சரி, ஆயில் அளவும் சரி, பைப்பிலும் அடைப்பில்லை, ஆனாலும் கசிகிறது என்றால் தாராளமாக ஒன்-வே வால்வு வையுங்கள்.

ஒற்றை சிலிண்டர் இன்ஜினுக்கு மட்டும் ஒன்-வே வால்வு ஏன் இவ்வளவு முக்கியம்? எந்த வால்வு வாங்குவது, எங்கே வைப்பது?
— கோயம்புத்தூர் வாசகர்

பிஸ்டன் மேலே போகும்போது எரிவறையில் எவ்வளவு இடம் குறைகிறதோ, கீழே கிராங்க்கேஸில் அவ்வளவு இடம் கூடுகிறது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள புல்லட்டில் அது 346 சி.சி. ஒரு பிஸ்டன் ஏற இன்னொன்று இறங்கும் இன்ஜினாக இருந்தால் காற்று பக்கத்து அறைக்கு ஓடிவிடும். இங்கே துணை பிஸ்டன் இல்லை. 3,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 50 தடவை அந்த 346 சி.சி. உள்ளேயும் வெளியேயும் போய்வருகிறது. வால்வு இல்லாத பைப் ஆஸ்துமாக்காரர் மூச்சு மாதிரி இழுத்து இழுத்து விடும். ஒவ்வொரு தடவை வெளியே விடும்போதும் ஆயில் பனியைச் சேர்த்து வீசும். இழுக்கும்போது தெருப் புழுதியை வாங்கிக்கொள்ளும்.

வால்வு வைத்தால் பிஸ்டன் இறங்கும்போது காற்று வெளியேறும், ஏறும்போது கதவு அடைத்துக்கொள்ளும். சில சுற்றுகளிலேயே உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அதன் பிறகு கேஸ்கெட் ஓரத்தில் ஆயிலை வெளியே தள்ள ஒன்றுமில்லை. பைப்பில் போவது ரிங்கைத் தாண்டி இறங்கும் புகை மட்டும்தான்.

வால்வு லேசாக இருக்க வேண்டும், வேகமாகவும் இருக்க வேண்டும். 3,600 ஆர்.பி.எம்.மில் அது நொடிக்கு 60 தடவை திறந்து மூட வேண்டும். உருண்டையும் ஸ்பிரிங்கும் வைத்த கனமான வால்வு இந்த வேகத்துக்கு வராமல் பாதியில் நின்று நடுங்கும். வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வு, அல்லது மெல்லிய தகடு வைத்த ரீட் வால்வு, இரண்டில் ஒன்று போதும். கிராங்க்கேஸ் புகையை இன்ஜினுக்கே திருப்பிவிடும் கார் பி.சி.வி. வால்வை அப்படியே மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அது இன்டேக் மேனிஃபோல்டின் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) உறிஞ்சலுக்கு ஏற்ப வழியைக் குறுக்குவதற்காகச் செய்தது. எல்லா பி.சி.வி. வால்வும் வெறும் ஒருவழிக் கதவு அல்ல. கார் பிரேக் பூஸ்டர் குழாயில் வரும் வால்வு அதைவிடப் பொருத்தம். எதுவானாலும் கடையிலேயே வாயில் வைத்துப் பாருங்கள். மெல்ல ஊதினாலே திறக்க வேண்டும், உறிஞ்சினால் உதட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கன்னம் உப்ப ஊதினால்தான் திறக்கும் என்றால் வேண்டாம்.

பைப்பின் உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இன்ஜினிலிருந்து கிளம்பியதும் அது 15 முதல் 20 செ.மீ. மேல்நோக்கி ஏறட்டும். ஆயில் துளிகள் அந்த ஏற்றத்திலேயே சுவரில் படிந்து திரும்பி வடிந்துவிடும். ஏற்றத்தின் உச்சியில் வால்வு, அதற்குப் பிறகு ஆயில் பிடிக்கும் டப்பா. வால்வைப் பைப்பின் கடைசி நுனியில் வைத்துவிடாதீர்கள். 12 மி.மீ. குழாய் ஒரு மீட்டர் இருந்தால் அதற்குள் 113 சி.சி. காற்று நிற்கும். அந்தக் காற்று சுருங்கி விரிந்தே வால்வின் வேலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 20 செ.மீ. என்றால் 23 சி.சி.தான்.

குழாய் வாங்கும்போது ஆயில், பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆனால் அந்த ரப்பர் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாய் சூட்டில் தொய்ந்து, வளைவில் மடங்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த பிரீதர் பிரீதரே இல்லாததற்குச் சமம்.

வால்வைத் திசை மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஸ்டன் ஏறும் ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே வரும், வெளியேற வழி இருக்காது. இன்ஜின் சைக்கிள் பம்ப் ஆகிவிடும். சற்று நேரத்திலேயே எல்லா ஜாயின்ட்டிலும் ஆயில் எட்டிப்பார்க்கும், கிராங்க் ஆயில் சீல் பிதுங்கவும் கூடும். மாட்டியதும் ஐடிலில் விட்டு, பைப் நுனியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கட்டிப் பாருங்கள். பை உப்பிச் சுருங்கி உப்பினால் வால்வு மூடவில்லை. மெல்ல உப்பி அப்படியே நின்றால் சரி. பை ஒரேயடியாக ஊதி நிறைந்தால் ரிங்கைத் தாண்டி நிறையப் புகை இறங்குகிறது, அல்லது வேறு ஏதோ ஓட்டை வழியாக இன்ஜின் காற்று இழுக்கிறது. கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் பின்னதைத் தேடுங்கள்.

வால்வு வைத்தும் பலனில்லை. ஆயில் ஊற்றும் மூடியில் ஒரு துளை போட்டால் அழுத்தம் குறையும் என்று மெக்கானிக் சொல்கிறார்.
— திருநெல்வேலி வாசகர்

போடவே கூடாது. கிராங்க்கேஸுக்கு இன்னொரு திறந்த வழி கிடைத்துவிட்டால் வால்வு வைத்ததற்கே அர்த்தமில்லை. பிஸ்டன் ஏறும்போது இன்ஜின் அந்தத் துளை வழியாக மூச்சிழுக்கும், புழுதியும் மழைத்தண்ணீரும் நேராக ஆயிலில் போய் விழும்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே அப்படி ஒரு வழி இருக்கலாம் என்று தோன்றுகிறது. பல புல்லட்டுகளில் ஆயில் பிடிக்கும் டப்பாவின் அடியிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பும் இன்னொரு குழாய் இருக்கும். பெரிய பைப்பில் வால்வை வைத்துவிட்டு இதைத் திறந்தே விட்டால் காற்று அதன் வழியாக உள்ளே திரும்பும். இன்ஜின் பக்க மூக்கில் ரப்பர் மூடி போட்டுக் கிளிப்பால் இறுக்கிவிடுங்கள். டப்பாவை அவ்வப்போது கையால் காலி செய்தால் போதும். இரண்டு வழி வேண்டுமென்றே வைத்தால் இரண்டிலும் வால்வு இருக்க வேண்டும்.

ஃபில்லர் மூடி வாஷர், டைமிங் கவர் கேஸ்கெட் இரண்டையும் பாருங்கள். கிளட்ச் பக்கத்து ஆயில் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால், அந்தப் பக்கத்து கிராங்க் சீல் தேய்ந்து, கிராங்க்கேஸ் அந்த ஆயிலை உறிஞ்சுகிறது என்று அர்த்தம்.

டப்பாவில் கெட்டி மோர் மாதிரி வெள்ளையாகச் சேருகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?
— கோத்தகிரி வாசகர்

காற்றில் குளிரும் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் வர வழியே இல்லை. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. ரிங்கைத் தாண்டி இறங்கும் புகையோடு அதுவும் வருகிறது. குளிர்ந்த காலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் ஆவி வெளியேறுமுன் பைப்பில் குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது. அதுதான் நீங்கள் பார்ப்பது. இதை இன்ஜினுக்குத் திருப்பி விடாதீர்கள், கொட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் குறையும்.

டப்பா 300 முதல் 500 மி.லி. இருக்கட்டும். உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருளைத் தளர்வாக வைத்தால் ஆயில் பனி அதில் படிந்து துளியாகும். மெல்லிய இரும்புக் கம்பளி வேண்டாம். அது துருப்பிடித்து உதிரும். டப்பாவுக்கு முன்னால் குழாய் எங்கும் தொங்கி வளையக் கூடாது, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று அடைக்கும். டப்பாவிலிருந்து வெளியேறும் குழாய் முதலிலேயே ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போயிருந்தால் அங்கேயே போகட்டும். அந்தப் புகையைத் தெருவில் விடுவது சுற்றியிருப்பவர்களுக்கு நல்லதல்ல. அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு ஃபில்டர் பெட்டியின் ஓட்டையை மூட மறந்தால், வடிகட்டாத காற்று கார்பரேட்டருக்குப் போகும். வெளியே விடும் பழைய மாடலானால் நுனியைப் பின் டயருக்கு எட்டாதபடி கட்டுங்கள். செயினுக்கு ஆயில் கிடைக்கட்டும் என்று டயர் பக்கம் திருப்பிவிட்டால் மழையில் வளைவு எடுக்கும்போது சறுக்கிவிடும்.

அப்பாவின் ஹீரோ ஹோண்டா சி.டி.100-க்கும் இந்த வால்வு வைக்கலாமா?
— விழுப்புரம் வாசகர்

தேவையில்லை. 97 சி.சி. இன்ஜினில் காற்று அசைவு சிறியது. பிரீதர் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகிறது. அதன் வடிகுழாயின் அடியில் உள்ள மூடியைக் கழற்றி, சேர்ந்திருப்பதை வடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி பாருங்கள்.

ஆர்.எக்ஸ்.100-இல் கிராங்க்கேஸ் பிரீதர் எங்கே இருக்கிறது?
— மதுரை வாசகர்

இல்லை, இருக்கவும் கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ்தான் பெட்ரோல் கலவையை உறிஞ்சி மேலே தள்ளும் பம்ப். அதில் ஓட்டை விழுந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவே சிரமப்படும். நீங்கள் பார்த்த சிறிய குழாய் கியர்பாக்ஸுக்கானது. அதை அடைக்காமல் விட்டால் போதும். கியர் ஆயில் குறைந்து, சைலன்ஸரில் வெள்ளைப் புகை அடர்ந்து வந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீலை மாற்றுங்கள்.