சீமைப் பேரும் செங்கல் தபால் கந்தோரும்

அன்புள்ள ஐயா,

கந்தப்பளையில் பிறந்து கொழும்பில் வேலை செய்கிறேன். ஊர் நுவரெலியா என்றதும் எல்லாரும் ‘ஆ, லிட்டில் இங்கிலாந்து!’ என்கிறார்கள். கூச்சமாகவும் இருக்கிறது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. ஏப்ரல் சீசனுக்கு அம்மாவை கிரகரி ஏரிக்குக் கூட்டிப்போனேன். பூங்காவுக்கு டிக்கெட் என்றதும் “உட்காரவும் காசா?” என்று திரும்பிவிட்டார். கடைசியில் பஜாரில் ஒரு கடைப்படியில் உட்கார்ந்து கடலை சாப்பிட்டோம். இந்த ஊர் யாருக்காக அழகாகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்தக் கூச்சமும் பெருமையும் எனக்கும் உண்டு. 1840களில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் வந்து குடியேறிய காலத்திலிருந்தே வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குளிரில் வீட்டு ஞாபகம் வந்திருக்கிறது. 1,868 மீட்டர் உயரத்தில் நம் ஆட்களுக்கு வந்தது இருமல்தான்.

ஆனாலும் பாருங்கள், 1894இல் கட்டிய நம் சிவப்புச் செங்கல் தபால் கந்தோரை ஹோட்டலுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. வெள்ளைக்காரன் கட்டிய கட்டடத்துக்கு நான் ஏன் பதற வேண்டும்? வெள்ளைக்காரர் காலத்து ஹில் கிளப்பில் ராச்சாப்பாட்டுக்கு டை கட்ட வேண்டும். தபால் கந்தோருக்குள் சேற்றுக் காலோடு போகலாம், முத்திரைக்குக் காசு இருந்தால் சரி.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தார்களே, அந்தக் கணக்கில்தான் என் அத்தை குடும்பமும் தலைமன்னாரில் கப்பலேறியது. அத்தைக்கு எழுதும் கடிதத்தை அப்பா தோட்டத்து ஒப்பீசில் கொடுக்கமாட்டார். யார் கையில் படுமோ என்று பயம். ஒருநாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு டவுனுக்கு நடப்பார். தன் கையாலேயே முத்திரை ஒட்டுவார். கடிதம் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் தேத்தண்ணி. எனக்கு ஒரு பணிஸ், அதாவது பன்.

ஊரைப் புதுப்பிக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். படகு ஓட்டுகிறவரும், ஸ்ட்ரோபெரி விற்கிற அக்காவும், கெஸ்ட் ஹவுசில் அறை கூட்டுகிற பிள்ளைகளும் சீசன் காசில்தான் கடன் அடைக்கிறார்கள். ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வருகிற ஆளுக்கு டவுன் என்றால் மார்க்கெட், ஆஸ்பத்திரி, அடகுக்கடை, அப்புறம் கடைசி பஸ். புதுப்பிக்கிறவர்கள் இந்தப் பக்கம் வந்து பார்த்தால், மழை படாத நாலு பெஞ்சும் பெண்கள் மூக்கைப் பொத்தாமல் போகக்கூடிய ஒரு கழிவறையும்தான் நான் கேட்பேன். அலங்கார விளக்கு அப்புறம் போடலாம்.

கந்தோர் இன்னும் கந்தோராகத்தான் இருக்கிறது. அடுத்த தடவை அம்மாவை அங்கே கூட்டிப்போங்கள், டிக்கெட் இல்லை. யாருக்காவது ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். பிறகு ஒரு பணிஸும் வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்