கிராவிட்ஸ் என்ற தையல்காரர்

கேள்வி: பாடகர் லென்னி கிராவிட்ஸின் தந்தை யூதர். 'கிராவிட்ஸ்' என்பது யூதர்களின் தொழில் பெயரா? அமெரிக்காவில் இறங்கியதும் அதிகாரிகள் மாற்றி எழுதிய பெயர் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தொழில் பெயர்தான். தையல்காரர் என்று அர்த்தம். என் அப்பா கடைசி வரை தையல் மெஷின் மிதித்தவர். அதனால் இந்தப் பெயரைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிப்பேன்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோருக்கு முன்பு குடும்பப் பெயரே கிடையாது. ஆபிரகாமின் மகன் மோசே என்றால் 'மோசே பென் ஆபிரகாம்', அவ்வளவுதான். நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிற மாதிரி. வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கவும் அரசுகளுக்கு இது தோதுப்படவில்லை. நிரந்தரப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று ஆஸ்திரியா 1787-லும், ரஷ்யா 1804-லும் உத்தரவு போட்டன. பலர் கையிலிருந்த தொழிலையே பெயராக்கிக்கொண்டார்கள். தையல்காரர் ஜெர்மனில் ஷ்னைடர், ரஷ்ய மொழியில் போர்ட்னாய், போலிஷிலும் உக்ரைனியத்திலும் கிராவியெத்ஸ், கிரவெத்ஸ். இந்தக் கடைசி இரண்டிலிருந்து வந்ததுதான் கிராவிட்ஸ். சிரியா பக்கத்து யூதர்களிடம் அதுவே கய்யாத்.

யூதர்களில் ஏன் இத்தனை தையல்காரர்கள்? நிலம் வாங்கத் தடை, பல கைவினைச் சங்கங்களில் சேரத் தடை. அதோடு, கம்பளியும் லினனும் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்பது அவர்கள் வேதச் சட்டம் (உபாகமம் 22:11). கோட்டின் உள்பட்டியில் லினன் நூல் ஓடினால்கூடத் தப்பு. அந்தச் சட்டம் தெரிந்த, நம்பிக்கையான ஆள்தான் தைக்க வேண்டியிருந்தது.

1881-இல் ரஷ்யப் பேரரசர் (ஜார்) இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. வறுமையும் சேர்ந்து விரட்ட, 1914-க்குள் சுமார் 20 லட்சம் பேர் கிழக்கு ஐரோப்பாவை விட்டுக் கிளம்பினார்கள். பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கு. நியூயார்க்கின் ஆயத்த ஆடைத் தொழிலை வளர்த்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு.

கப்பலில் வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் பெயரை மாற்றினார்கள் என்பது வெறும் கதை. அங்கிருந்த அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை; கப்பல் கம்பெனி புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரித்த பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள். பெயரைச் சுருக்கியதும் திருத்தியதும் பெரும்பாலும் அப்புறம் குடியேறியவர்களேதான், வேலைக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும்.

ஒன்று கவனியுங்கள். கிரவெத்ஸ் என்ற பெயர் உக்ரைனியக் கிறிஸ்தவர்களிடமும் ஏராளம். இரண்டு கிராவிட்ஸ்கள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஊருக்கு ஊர் தையல்காரர் இருந்தாரே! வேரைத் தேடுபவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது ஊர்ப் பெயரை. பலர் கப்பலேறிய ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தின் 1850-1934 பயணிகள் பட்டியல்களில் அதற்கென்று தனிக் கட்டமே இருக்கிறது.