முதல் நாள் கூட்டத்தை நம்பாதீர்கள்: கால்பந்து ஊரில் ரக்பி லீக்குக்கு ஆள் சேர்ப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் சவுத் யார்க்‌ஷயரில் வசிக்கிறோம். இங்கே ஒரு குழந்தை பிறந்தால் அதன் கால்பந்து கிளப் ஷெஃபீல்டு வென்ஸ்டேயா, ஷெஃபீல்டு யுனைடெட்டா என்பது வீட்டுக்குள்ளேயே முடிவாகிவிடும். என் மகன் மட்டும் எப்படியோ ரக்பி லீக் பக்கம், அதாவது அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி வகையின் பக்கம், போய்விட்டான். அவன் ஆடும் சிறிய கிளப்பின் கமிட்டியில் இப்போது நானும் இருக்கிறேன். மார்ச் முதல் செப்டம்பர் வரை எங்கள் சீசன். எங்கள் மைதானத்தில் கேலரி இல்லை, கழிப்பறையும் சரியில்லை. போன வருடம் ஊர் முழுக்க இலவச டிக்கெட் கொடுத்தோம். அன்றைக்கு 400 பேர் வந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்குப் பழையபடி 60 பேர். கால்பந்தைத் தவிர வேறெதையும் பார்க்காத ஊரில் ரசிகர்களை எப்படிச் சேர்ப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, ‘அடுத்த ஆட்டத்துக்குப் பழையபடி 60 பேர்’ என்பது. உங்களைவிடப் பல மடங்கு பணமும் விளம்பரமும் வைத்திருந்தவர்களுக்கும் இதேதான் நடந்தது. முதல் நாள் கூட்டம் சேர்ப்பது அப்படியொன்றும் கஷ்டம் இல்லை. வந்தவர் இரண்டாம் முறை வர வேண்டும், அதற்குத்தான் வேலை செய்ய வேண்டும்.

லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் ஃபுல்ஹாம் கால்பந்து கிளப்பின் தலைவர் எர்னி கிளே, சும்மா கிடக்கும் நாட்களில் மைதானத்துக்கு வருமானம் வரட்டும் என்று ஒரு ரக்பி லீக் அணியைத் தொடங்கினார். அந்த செப்டம்பரில் கிரேவன் காட்டேஜ் மைதானத்தில் முதல் ஆட்டம், எதிரே இந்த விளையாட்டின் பழம்பெரும் அணியான விகன். 9,554 பேர் வந்தார்கள். ஃபுல்ஹாம் 24-5 என்று ஜெயித்தது, முதல் சீசனிலேயே மேல் பிரிவுக்கும் ஏறியது. இதைவிட நல்ல தொடக்கம் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் 1984-இல் அந்த மைதானத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அப்புறம் கிரிஸ்டல் பேலஸ், சார்ல்டன், டுவிக்கனம் பக்கம் ஸ்டூப், பார்னெட், ஈலிங், இப்போது விம்பிள்டன் என்று ஊர் ஊராக அலைச்சல். பெயரும் ஃபுல்ஹாம், லண்டன் குரூசேடர்ஸ், பிரான்கோஸ், ஹார்லெக்வின்ஸ், மறுபடி பிரான்கோஸ் என்று மாறிக்கொண்டே வந்தது. 1997-இல் ரக்பி லீக்கின் மேல்மட்டத் தொடரான சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம், 1999-இல் லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்தில் சேலஞ்ச் கப் என்ற நாக்-அவுட் கோப்பையின் இறுதியாட்டம் என்று ஆட்டத்தில் அவர்கள் சாதிக்காமல் இல்லை. ஆனால் மேற்கு லண்டனில் வசிக்கும் ஒரு தகப்பன் தன் பையனைப் பத்து வருடம் தொடர்ந்து ஒரே வாசல் வழியாகக் கூட்டிப்போக அந்தக் கிளப் வாய்ப்பே கொடுக்கவில்லை.

பாரிஸ் கதையும் இதே மாதிரிதான். 1996 மார்ச்சில் சூப்பர் லீக்கின் முதல் ஆட்டமே ஷார்லெட்டி ஸ்டேடியத்தில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் பெயரில் நடந்தது. கால்பந்தில் பிரான்சே அறிந்த பெயர். 17,873 பேர் வந்தார்கள், பாரிஸ் ஜெயித்தது. அடுத்த சீசன் முடிந்ததும் அந்த அணியே இல்லை.

அன்று பாரிஸில் தோற்ற அணி எது தெரியுமா? உங்கள் பக்கத்து ஷெஃபீல்டு ஈகிள்ஸ். உங்களுக்கு மிக நெருக்கமான பாடம் அவர்களிடம்தான் இருக்கிறது. 1984-இல் கேரி ஹெதரிங்டன் அந்தக் கிளப்பைத் தொடங்கியபோது, நாய்ப் பந்தயம் நடக்கும் ஓலர்டன் மைதானத்தில்தான் ஆட்டம். பதினான்கே வருடத்தில், 1998 மே மாதம், வெம்பிளியில் சேலஞ்ச் கப் இறுதியாட்டத்தில் விகனை 17-8 என்று வீழ்த்தினார்கள். இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே பெரிய அதிர்ச்சி என்று இன்றும் பேசப்படும் வெற்றி அது. ஆனால் அடுத்த வருடக் கடைசியில் அந்தக் கிளப் ஹடர்ஸ்ஃபீல்டோடு இணைக்கப்பட்டது. வெம்பிளியில் ஆட்ட நாயகனாக இருந்த மார்க் ஆஸ்டன் கீழ்ப் பிரிவிலிருந்து மறுபடி கிளப்பைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. ‘ஒரு கோப்பை ஜெயித்தால் ஊர் நம் பக்கம் திரும்பிவிடும்’ என்று உங்கள் கமிட்டியில் யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்புறம் 2013-இல் டான் வேலி ஸ்டேடியம் மூடப்பட, ஈகிள்ஸ் சில வருடம் சொந்த வீடில்லாமல் டான்காஸ்டர் வரைக்கும் போய் ஆடியது. உங்களுக்கு இப்போது ஒரு மைதானம் இருக்கிறது அல்லவா? கேலரி இல்லை, கழிப்பறை சரியில்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். குறைகளைச் சரிசெய்யுங்கள். ஆனால் பெரிய இடம் மலிவாகக் கிடைக்கிறது என்று மட்டும் கிளம்பிப் போய்விடாதீர்கள். 10,000 இருக்கை உள்ள இடத்தில் 200 பேர் உட்கார்ந்தால் வந்தவருக்கே வெறுமையாக இருக்கும். கயிறு கட்டிய ஓரத்தில் அதே 200 பேர் நின்றால் திருவிழா மாதிரி இருக்கும்.

சரி, கால்பந்துக்கு வருவோம்.

கால்பந்து ரசிகரிடம் அவருடைய கிளப்பை விட்டுவிடச் சொல்லாதீர்கள். வார்த்தையால் சொல்லாவிட்டாலும், ‘நாங்கள் கால்பந்துக்காரர்கள் மாதிரி விழுந்து நடிப்பதில்லை’ என்ற தொனியில் போஸ்டர் அடித்தால் அதற்கு அர்த்தம் அதுதான். அவர் தாத்தா காலத்து உறவை நீங்கள் கேலி செய்கிறீர்கள். இரண்டையும் ஒரே மனிதர் நேசிக்க முடியும். ரக்பி லீக் பிறந்த ஊரான ஹடர்ஸ்ஃபீல்டிலேயே, 1920-களில் மூன்று வருடம் தொடர்ச்சியாக இங்கிலாந்து கால்பந்து சாம்பியனான ஹடர்ஸ்ஃபீல்டு டவுனும் இருக்கிறது. விகன், ஹல், ஹடர்ஸ்ஃபீல்டு மூன்று ஊர்களிலும் இரண்டு விளையாட்டுக்கும் ஒரே ஸ்டேடியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்ற சண்டையில்தான் 1895-இல் வடக்கத்திக் கிளப்புகள் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்துவந்து இந்த விளையாட்டை உருவாக்கின. அதன் முதல் சாம்பியன் பிராட்ஃபோர்டின் மானிங்ஹாம். எட்டே வருடத்தில், 1903-இல், அந்தக் கிளப் முழுதாகக் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்டு சிட்டி ஆகிவிட்டது. லீட்ஸ் யுனைடெட்டின் எல்லண்ட் ரோடு மைதானத்திலும் முதலில் ஹோல்பெக் என்ற ரக்பி கிளப்தான் ஆடிக்கொண்டிருந்தது. கால்பந்தோடு நேருக்கு நேர் மோதிப் பார்த்த அனுபவம் நமக்கு நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது, முடிவும் தெரியும். ஆகவே கால்பந்து இல்லாத நேரத்தைக் கேளுங்கள்.

1996-இல் சூப்பர் லீக் கோடைக்கு மாறியதில் நமக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் பாதி வரை கால்பந்து லீக் ஆட்டம் கிடையாது. சனிக்கிழமை மதியம் எங்கே போவது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கானோர் வீட்டில் இருக்கிறார்கள். உங்கள் சக்தியில் பாதியை அந்தப் பத்துப் பதினொரு வாரத்தில் செலவழியுங்கள். மற்ற மாதங்களில் சனிக்கிழமை மூன்று மணியைத் தொடவே வேண்டாம், ஞாயிறு மதியம் வையுங்கள். உலகக் கோப்பை, யூரோ நடக்கும் வருடங்களில் இங்கிலாந்து ஆடும் நாளைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் ஆட்டத்தை முன்னால் முடித்து, கிளப் ஹவுஸில் பெரிய திரையில் இங்கிலாந்து ஆட்டத்தைக் காட்டுங்கள். கால்பந்து பார்க்க வந்து நம் பையன்களோடு பழகிப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த இலவச டிக்கெட். நான் ஒரு கிளப்பில் பார்வையாளர் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலவச டிக்கெட்டில் அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு குட்டிப் பெண் வந்தார்கள். பையன் வென்ஸ்டே சட்டை போட்டிருந்தான். பத்து நிமிடம் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டான்: “இப்போ நல்லாத்தானே ஓடினாங்க, ஏன் திடீர்னு பந்தை உதைச்சு எதிரிகிட்டயே கொடுக்கிறாங்க?” அப்பாவுக்குத் தெரியவில்லை. சுற்றியிருந்த எங்கள் ரசிகர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடைவேளையில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வாசலில் நின்ற நானும் நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

அடுத்த ஆட்டத்திலிருந்து ஒரு மாற்றம் செய்தோம். புதிதாக வருபவர்கள் பக்கத்தில் எங்கள் பழைய ரசிகர் ஒருவரை உட்கார வைத்தோம். எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: “எண்ணு.” ஒரு டேக்கிள் விழுந்தால், அதாவது பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்தினால், ஒரு விரல். ஆறு டேக்கிளுக்குள் ஸ்கோர் செய்யாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும், அதனால்தான் ஐந்தாவது முடிந்ததும் உதைக்கிறார்கள். இது தெரிந்துவிட்டால் போதும். ஐந்தாவது விரல் மடங்கும்போது பிள்ளைகள் தானாகவே எழுந்து நிற்பார்கள். எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கும் டிரைக்கு நான்கு புள்ளி, அதன்பின் உதைக்கும் கோலுக்கு இரண்டு, பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது என்பதெல்லாம் போகப்போகத் தெரிந்துகொள்ளலாம். இரு அணியும் தோளோடு தோள் முட்டி நிற்கும் ஸ்க்ரம் விதிகளை முதல் நாளில் யாருக்கும் விளக்காதீர்கள்.

டிக்கெட் இலவசமாகவே இருக்கட்டும். ஆனால் வாசலில் ஒரு நோட்டில் பெயர், தொடர்பு எண், எந்தக் கால்பந்து கிளப் என்று மூன்றை மட்டும், அவர்கள் சம்மதத்தோடு எழுதி வாங்குங்கள். போகும்போது அடுத்த ஆட்டத்துக்கான அரை விலைச் சீட்டைக் கையில் கொடுங்கள். தேதி மூன்று வாரத்துக்குள் இருக்க வேண்டும். இடையில் கமிட்டியிலிருந்து யாராவது ஒரு செய்தி அனுப்பட்டும். 400 பேரில் 40 பேர் திரும்பி வந்தால் அது பெரிய வெற்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 40 பேரில் எத்தனை பேர் மூன்றாவது முறை வந்தார்கள் என்பதைத்தான் சீசன் முழுக்க எண்ண வேண்டும். மொத்தக் கூட்ட எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். நியூகாசிலில் கால்பந்தின் கோட்டையான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில், சூப்பர் லீக் அணிகள் எல்லாம் ஒரே மைதானத்தில் ஆடும் மேஜிக் வீக்எண்ட் பல வருடம் நடந்தது. சில வருடங்களில் இரண்டு நாளில் 60,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் மற்ற ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்த ரசிகர்கள். அதே ஊரின் நியூகாசில் தண்டர் கிளப்போ பணமில்லாமல் 2023 கடைசியில் லீகிலிருந்தே விலக நேர்ந்தது. பிறகு கீழ்ப் பிரிவில் மீண்டும் தொடங்கினார்கள்.

கால்பந்து மைதானத்தில் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். ரக்பி லீக்கில் இரு அணி ரசிகர்களும் பெரும்பாலும் கலந்தே உட்காருவார்கள், பிரித்து வைக்க போலீஸ் வரிசை அநேகமாகக் கிடையாது. இங்கிலாந்தில் ஆண்கள் கால்பந்தின் மேல் ஐந்து பிரிவுகளில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பீர் குடிக்க 1985 முதல் சட்டத்தடை. நம் ஆட்டங்களுக்கு அது பொருந்தாது. ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் மைதானத்துக்குள் ஓடலாம், சேறு அப்பிய முழங்காலோடு நிற்கும் வீரரோடு படம் எடுத்துக்கொள்ளலாம். பிரீமியர் லீக் வீரரைப் பத்தடி தூரத்தில் பார்க்காத பிள்ளைக்கு அது எத்தனை பெரிய விஷயம்! வீரர்கள் இருபது நிமிடமாவது வெளியே நிற்க வேண்டும் என்பதைக் கிளப்பின் விதியாகவே ஆக்குங்கள்.

பள்ளிகளுக்குக் கட்டாயம் போங்கள். இடுப்புப் பட்டையில் இரண்டு நாடா, அதைப் பிடுங்கினால் டேக்கிள், அவ்வளவுதான் டேக் ரக்பி. கீழே தள்ளுவது இல்லாததால் தயங்கும் அம்மாக்களும் சம்மதிப்பார்கள். கையில் அந்த நாடாவைப் பிடித்துப் பார்த்த பிள்ளைதான் பெற்றோரை மைதானத்துக்கு இழுத்துவரும். குளிர்காலத்தில் உங்களுக்கு ஆட்டம் இல்லாதபோது, பள்ளி உள்ளரங்கில் வீல்சேர் ரக்பி லீக் நடத்த முடியுமா என்று பாருங்கள். ஆண், பெண், மாற்றுத்திறனாளி, மற்றவர் எல்லோரும் ஒரே அணியில் ஆடலாம். 2022 நவம்பரில் மான்செஸ்டரில் பிரான்சை 28-24 என்று வென்று இங்கிலாந்து உலகக் கோப்பை வாங்கிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த நாற்காலிகள் மோதும் சத்தத்தை மறக்க மாட்டார்கள்.

எத்தனை காலம் ஆகும் என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்ற அந்நாட்டுக் கால்பந்து தவிர வேறு பேச்சே இல்லாத மெல்பர்னில் ஸ்டார்ம் என்ற ரக்பி லீக் அணி 1998-இல் ஆடத் தொடங்கியது. இரண்டாம் வருடமே கோப்பை வென்றது, 2010-இல் சம்பள வரம்பை மீறியதற்காக இரண்டு பட்டங்களை இழந்தது, ஆனாலும் அதே ஊரில் அதே பெயரில் நின்றது. பின்னால் பெரிய ஊடக நிறுவனத்தின் பணம் இருந்தது என்பதும் உண்மை. உங்களுக்கு அந்தப் பணம் இல்லை. ஆகவே ஐந்து சீசன் என்று கமிட்டியில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் 30 நிரந்தர முகங்கள் என்று கணக்குப் போடுங்கள்.

போன வருடம் வந்த அந்த 400 பேரில் யாருடைய எண்ணாவது கமிட்டியில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பத்துப் பேர் கிடைத்தாலும் இந்த வாரமே கூப்பிட்டு, ஏன் திரும்ப வரவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள், உங்கள் ஜூன் ஆட்டத்தை அதை வைத்தே திட்டமிடலாம்.