கார் அடித்தளத்தில் செய்த பிக்கப்பை உண்மையான டிரக் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் எல்லா வேலைக்கும் அல்ல.

வழக்கமான பிக்கப்பில் முன்னிருந்து பின்வரை இரண்டு இரும்புத் தண்டுகள், குறுக்கே சில சட்டங்கள், அதாவது ஏணி மாதிரி ஒரு சேசிஸ் இருக்கும். அதன்மேல் கேபினையும் சாமான் தொட்டியையும் தனித்தனியாக வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். ஹோண்டா ரிட்ஜ்லைன், ஃபோர்டு மாவெரிக் போன்றவற்றில் அந்த ஏணி கிடையாது, காரைப் போலவே உடம்பு முழுக்க ஒரே கூடாக வெல்டு செய்தது. குனிந்து அடியில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய அட்டைதான், ஆனால் ஆறு பக்கமும் சேர்ந்து பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் நசுங்காமல் நிற்கிறது. ஒரே கூடான வண்டியும் அப்படித்தான், அதனால் எடை குறைவு, குலுங்கலும் குறைவு. ஆனால் கனமான டிரெய்லரைத் தினமும் இழுப்பது, கரடுமுரடான பாதையில் முறுக்குப்படுவது என்று வந்தால் ஏணிதான் தாங்கும். ரிட்ஜ்லைன் இழுப்பது சுமார் 2,270 கிலோ வரை. முழு அளவு டிரக்குகள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கும்.

அப்புறம், கார் அடித்தளம் என்றால் பாரமே ஏற்ற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: மாவெரிக் சுமார் 680 கிலோ வரை சுமக்கும்.