நம்மாளு நிற்கிறார் என்றதும் பர்ஸைத் திறக்காதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இது: அமெரிக்கா வந்து ஏழு மாதம், எச்-1பி விசா, நியூ ஜெர்சி. 2028 அதிபர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளர் ஆக முயலப்போகிறார் என்று பேச்சு அடிபடும் ஒருவரை உங்களுக்குப் பிடித்துவிட்டது. கருத்துக்கணிப்பில் 2 சதவீதம்கூட இல்லை. தேறுவாரா, துணை அதிபராக யாரைச் சேர்த்துக்கொண்டால் நல்லது, கொஞ்சம் நன்கொடை அனுப்பலாமா? கூடவே எடிசனில் வாடகை, குளிர்கால டயர். வாடகைக்கும் டயருக்கும் ஊரே பதில் சொல்லும். அதை விட்டுவிடுகிறேன்.

நன்கொடை முதலில். கூடாது. ஐந்து டாலர்கூடக் கூடாது. குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் மட்டுமே கொடுக்கலாம். பள்ளி போர்டு தேர்தல் வரை இதே சட்டம்தான். இதில் பலர் வழுக்குவது தொப்பியில். வேட்பாளரின் பிரச்சாரத் தளத்தில் தொப்பியோ டி-ஷர்ட்டோ வாங்கினால், அந்த முழு விலையும் நன்கொடை என்றே கணக்கில் ஏறும். நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் எடுத்தாலும் அப்படியே. குடியுரிமை வாங்கிய நண்பர் பெயரில் போடச் சொல்லிவிட்டு, அப்புறம் வென்மோ செயலியில் பணத்தைத் திருப்பித் தருவது அதைவிட மோசம். அடுத்தவர் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம், நண்பரும் சேர்ந்து மாட்டுவார். 200 டாலரைத் தாண்டிய நன்கொடையாளரின் பெயர், ஊர், வேலை பார்க்கும் கம்பெனி எல்லாம் தேர்தல் ஆணையத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். சம்பளம் வாங்காமல் போன் செய்யலாம், கதவு தட்டலாம், அதற்குத் தேர்தல் சட்டம் இடம் தருகிறது. பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் உட்காராதீர்கள்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு: ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகம். 1993-இல் வந்த சட்டப்படி, உரிமம் எடுக்கும்போதே வாக்காளராகப் பதிகிறீர்களா என்றும் கேட்பார்கள். பின்னால் வரிசை நிற்கும், கவுன்டரில் இருப்பவர் அவசரப்படுத்துவார், விலாசம் சரியா, உறுப்பு தானமா என்று கேள்வி மேல் கேள்வி வரும், கை தன்னால் 'ஆம்', 'ஆம்' என்று தட்டிக்கொண்டே போகும். அந்த வேகத்தில் குடிமகன் என்பதற்கும் 'ஆம்' போட்டால் தொலைந்தது. குடிமகன் அல்லாதவர் அதிபர் தேர்தலில் வாக்களித்தால் ஓராண்டு வரை சிறை, நாடு கடத்தவும் வழியுண்டு. வாக்களிக்காவிட்டாலும், பின்னாளில் குடியுரிமைக்கு நிரப்பும் என்-400 படிவம் 'எப்போதாவது வாக்காளராகப் பதிந்ததுண்டா?' என்று கேட்கும். தவறிப் பதிந்திருந்தால் உடனே ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள், கையோடு குடியேற்ற வக்கீலையும் பாருங்கள். அங்கிள்களிடம் கேட்காதீர்கள்.

இனி உங்கள் ஆள். சீக்கிரமே எடுக்கும் கருத்துக்கணிப்பு பெயர் தெரியுமா என்பதைத்தான் அளக்கும். 2007 முழுக்கக் குடியரசுக் கட்சியில் ஜூலியானிதான் முன்னால் நின்றார், 2008 ஜனவரி முடிவதற்குள் வீட்டுக்குப் போனார். ஆகவே 2 சதவீதத்துக்காக மனம் தளர வேண்டாம். ஆனால் வேறு இரண்டைப் பாருங்கள்.

ஒன்று, எத்தனை மாநிலத்துப் பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருக்கும்? நியூ ஹாம்ப்ஷயரில் 1,000 டாலர் கட்டினால் போதும். விர்ஜீனியா 2012-இல் 10,000 கையெழுத்து கேட்டது, அதில் ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலிருந்தும் 400 இருக்க வேண்டும். குடியரசுக் கட்சியில் ரோம்னி, ரான் பால் இரண்டு பேர்தான் தேறினார்கள். போட்டியிட்ட கிங்ரிச் அந்த மாநிலத்திலேயே குடியிருந்தவர், அவர் பெயரே சீட்டில் வரவில்லை. சரிபார்க்கும்போது போலி, இரட்டை, பதியாதவர் என்று கழித்துக்கொண்டே போவார்கள். அதனால் கேட்டதைப் போல ஒன்றரை மடங்கு திரட்டாதவர் ஆட்டத்திலேயே இல்லை. ஜனநாயகக் கட்சியின் டீன் பிலிப்ஸ் 2023 அக்டோபர் கடைசியில், அப்போது அதிபராக இருந்த பைடனை எதிர்த்து இறங்கினார். அதற்குள் நெவாடாவில் மனு செய்யும் தேதியே முடிந்திருந்தது.

இரண்டாவது 15. ஜனநாயகக் கட்சியில் மாநில அளவிலோ தொகுதி அளவிலோ 15 சதவீதம் தொடாதவருக்கு அந்த அளவில் டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி) கிடையாது. ஐம்பது மாநிலத்திலும் எல்லாத் தொகுதியிலும் 14 சதவீதம் வாங்கினால் கையில் பூஜ்யம். குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மார்ச் 15 முதல் நடக்கும் பிரைமரிக்கு, ஜெயித்தவருக்கே மொத்தமும் என்று மாநிலம் விதி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்சியின் விவேக் ராமசாமி, முதலில் வாக்களித்த அயோவா மாநிலத்தின் 99 கவுன்டிகளையும் சுற்றினார், சொந்தப் பணத்தைக் கோடிக்கணக்கில் இறைத்தார். 2024 ஜனவரி 15 அன்று கிடைத்தது 7.7 சதவீதம், 40 டெலிகேட்டில் 3. அன்றிரவே விலகிவிட்டார். நம் நியூ ஜெர்சியில் பிரைமரி வழக்கமாக ஜூன் தொடக்கத்தில். அதற்குள் உங்கள் ஆள் மேடையை விட்டே இறங்கியிருப்பார்.

'பெயரே தெரியாமல் இருந்த கார்ட்டர் அதிபர் ஆகவில்லையா?' என்று உடனே ஒருவர் வருவார். 1976 அயோவாவில் முதலிடம் பிடித்தது யாரையும் சேராத வாக்கு, கார்ட்டர் இரண்டாவது. அந்த ஒரு கதையை வைத்து அரை நூற்றாண்டாக எத்தனை பேர் வசூல் செய்துவிட்டார்கள்!

துணை அதிபர் பட்டியல் போடுவதில் நம் ஆட்களுக்கு இருக்கும் ஆர்வத்தில் பாதி அரசியல் சாசனம் படிப்பதில் இருந்தால் நன்றாயிருக்கும். பொங்கல் விழாவில் ஒரு அங்கிள் பிரமிளா ஜெயபால் என்பார், இன்னொருவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி என்பார். முன்னவர் சென்னையில் பிறந்தவர், பின்னவர் டெல்லியில். பிறப்பால் குடிமகன் அல்லாதவர் அதிபர் ஆக முடியாது, அதனால் துணை அதிபரும் ஆக முடியாது. பிலடெல்பியாவில் பிறந்த ரோ கன்னாவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அவர் கலிபோர்னியா. இன்னொரு கலிபோர்னியாக்காரருடன் ஜோடி சேர்த்தால், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் அந்த மாநிலத்தின் 54 தேர்வாளர்களும் இருவருக்கும் சேர்த்து வாக்களிக்க முடியாது. அரசியல் சாசனத்தின் 12-ஆம் திருத்தம் அப்படி. 2000-இல் டெக்சாஸில் குடியிருந்த டிக் செனி, புஷ் அவரை அறிவிக்கும் முன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றியது இதற்காகத்தான். புஷ்ஷுக்குக் கிடைத்தது 271 தேர்வாளர் வாக்கு, அதில் டெக்சாஸ் மட்டும் 32. மாற்றியிருக்காவிட்டால் வெற்றிக்கு வேண்டிய 270 செனிக்குத் தேறியிருக்காது.

பின்தங்கிய வேட்பாளர் முன்கூட்டியே ஜோடியை அறிவித்தால், மூழ்குகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். 1976-இல் ரேகன் கட்சி மாநாட்டுக்கு முன்பே மிதவாதி ஷ்வைக்கரை அறிவித்தார், அதிபர் ஃபோர்டிடம் 1,070-க்கு 1,187 என்று தோற்றார். 2016 ஏப்ரல் 27 அன்று டெட் குரூஸ் கார்லி ஃபியோரினாவை அறிவித்தார். ஆறாம் நாள் இண்டியானா பிரைமரியில் தோல்வி, அன்றிரவே விலகல்.

ஆகவே இவருக்கு யார் ஜோடி என்று தேடாதீர்கள். இவரை யார் ஜோடியாக எடுப்பார்கள் என்று பாருங்கள். 2008 அயோவாவில் ஒரு சதவீதம்கூடத் தொடாமல் விலகிய பைடன் அதே ஆகஸ்டில் ஒபாமாவின் துணை. கமலா ஹாரிஸ் 2019 டிசம்பரில், ஒரு வாக்குகூட விழுவதற்கு முன்பே விலகினார். எட்டு மாதத்தில் பைடன் கூப்பிட்டார், அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டார்கள். உங்கள் ஆள் விவாத மேடையில் முன்னணி வேட்பாளரைக் கடிக்காமல் மற்றவர்களை மட்டும் கடிக்கிறாரா? அவர் எந்த வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார் என்று தெரிந்துவிடும்.

குடியுரிமை வாங்கி இருபது வருடமாகியும் கட்சிப் பதிவைத் திறந்தே பார்க்காமல், பிரைமரி அன்று 'விடமாட்டேன் என்கிறார்கள்' என்று புலம்புபவர்களைச் சொன்னால் கோபம் வரும். ஆனால் 2016-இல் நியூயார்க்கில் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அப்பாவுக்கே வாக்களிக்க முடியவில்லை. ஏப்ரல் பிரைமரிக்குக் கட்சி மாற்றும் கெடு முந்தைய அக்டோபரிலேயே முடிந்திருந்தது. கலிபோர்னியாவில் 'கட்சி இல்லை' என்று நினைத்து 'அமெரிக்கன் இண்டிபென்டன்ட்' கட்சியில் டிக் அடித்தவர்கள் ஏராளம். நியூ ஜெர்சி பரவாயில்லை. எந்தக் கட்சியிலும் இல்லாதவர் வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம், இருக்கும் கட்சியை மாற்றத்தான் 55 நாள் முன்பே எழுதித் தர வேண்டும். உங்களுக்கு அந்தப் படிவம் வர இன்னும் பல வருடம். அதுவரை தொப்பியைக் கடையில் வாங்குங்கள், எதுவும் எழுதாத தொப்பியாக.