சல்லாபம் கெட்ட வார்த்தையா?

கேள்வி: லலிதா சகஸ்ரநாமத்தில் 'நிஜ சல்லாப மாதுர்ய' என்று வரும் இடத்தில் என் மகள் சிரிக்கிறாள். அம்பாளின் நாமத்தில் சல்லாபம் எப்படி வந்தது?
– மயிலாடுதுறை வாசகி

பதில்: அது 27ஆவது நாமம்: 'நிஜ சல்லாப மாதுர்ய விநிர்பர்த்சித கச்சபீ'. கச்சபி என்பது சரஸ்வதியின் வீணை. அம்பாள் பேசும்போது அந்தக் குரலின் இனிமைக்கு முன்னால் வீணையே தோற்றுவிடுகிறது என்பது பொருள். எனக்கு மிகவும் பிடித்த நாமம். சௌந்தர்ய லஹரி 66ஆவது சுலோகத்திலும் இப்படி ஒரு காட்சி உண்டு. சரஸ்வதி வீணை மீட்டிப் பாடுகிறாள். அம்பாள் அவளைப் பாராட்ட வாய் திறக்கிறாள். உடனே சரஸ்வதி வீணையை உறை போட்டு மூடிவிடுகிறாள்!

வடமொழியில் 'லப்' என்றால் பேசு. 'சம்' அதன் முன்னால் வந்தால் கூடிப் பேசுவது. 'சம்லாபம்' என்பதில் மகரம் லகரமாகி 'சல்லாபம்' ஆயிற்று. கச்சேரியில் கேட்கிற ஆலாபனைக்கும், புலம்பலைக் குறிக்கும் பிரலாபத்துக்கும் இதே வேர்தான். (வியாபார லாபம் வேறு. வடமொழியில் அதற்கு வேறு எழுத்து. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.)

சரி, காதல் எங்கே வந்தது? காதலர்களும் கூடிப் பேசுகிறவர்கள்தானே! அப்புறம் 'சரசம்' துணைக்கு வந்தது. 'ச' என்றால் கூட, 'ரசம்' என்றால் சுவை. 'சரச சல்லாபம்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிச் சொல்லி, சல்லாபம் தனியாக வந்தாலும் கொஞ்சல் பேச்சு என்றே ஆகிவிட்டது. அதுவரை எனக்குச் சம்மதமே. கொஞ்சிப் பேசுவதில் என்ன தப்பு? ஆனால் கள்ளக்காதல் செய்திகளில், பேச்சே இல்லாத காரியத்துக்கும் இந்தச் சொல்லைப் போடுகிறார்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மகள் சிரிப்பதும் அதனால்தான். அவளைத் திட்டாதீர்கள்.

கும்பகோணத்தில் என் பாட்டி, சாயங்காலம் திண்ணையில் ஊர்க்கதை பேசும் கிழவர்களைப் பார்த்து, "சல்லாபம் முடிஞ்சுதா? சாப்பிட வாங்கோ" என்பாள். யாரும் சிரித்ததில்லை. மலையாளத்தில் இன்றைக்கும் நண்பர்கள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் அது சௌஹிருத சல்லாபம். அங்கே அதை மேடையிலேயே தயங்காமல் சொல்லலாம்.