பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு மடிநோய்க்கு மருந்தாகுமா?

கேள்வி: ஐயா, மழையில் நனைந்த கடலைப் புண்ணாக்கு மூட்டையில் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பெனிசிலினே பூஞ்சணத்திலிருந்துதான் எடுக்கிறார்கள் என்கிறான் மகன். கறவை மாட்டுக்கு மடிநோய் வேறு. துடைத்துக் காயவைத்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மகன் சொன்னது சரிதான், ஆனால் அது வேறு பூஞ்சணம்.

பெனிசிலின் தருவது பெனிசிலியம். 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பாக்டீரியா வளர்த்த தட்டில் அதன் வித்து ஒன்று விழுந்து முளைத்தது. அதைச் சுற்றியிருந்த பாக்டீரியா மட்டும் செத்துக் கிடந்தது. பூஞ்சணம் சுரக்கும் அந்தப் பொருள் பாக்டீரியாவைச் செல்சுவர் கட்டவிடாது. மாட்டின் செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது, அதனால் மாடு தப்பிக்கிறது. 1943-ல் அமெரிக்காவின் பியோரியாவில், பூசணம் பூத்த ஒரு முலாம்பழத்தில் கிடைத்த வகை நிறையச் சுரந்தது. அதன் வழிவந்தவற்றைத்தான் ஆலைத் தொட்டிகளில் வளர்த்து, மருந்தை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள்.

கடலையில் நாம் பயப்படுவது ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ். அதுவும் பச்சைதான். ஆனால் அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இது வெளியே வந்தது. தீவனத்தில் கலந்திருந்தது பிரேசில் கடலைப் புண்ணாக்கு. நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க நம் கண்ணால் முடியாது.

துடைத்தால் போகாதா என்றால், போகாது. புண்ணாக்கை லேசாகத் தட்டிப் பாருங்கள் (மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு). புகைபோல் எழும் பச்சைத் தூள் அத்தனையும் வித்து. நுண்ணோக்கியில் பார்த்தால், நிமிர்ந்து நிற்கும் இழையின் நுனி உருண்டையாக உப்பி, அதைச் சுற்றிலும் வித்துகள் சரம் சரமாகத் தொங்கும். துடைக்கத் துடைக்க அவை பக்கத்து மூட்டைக்குப் பறக்கும், இழையோ உள்ளேயே இருக்கும். வெயிலில் காய்ந்தால் பூஞ்சணம் வளர்வது நிற்கும், ஏற்கெனவே ஊறிய நஞ்சு அப்படியே கிடக்கும். மாடு தின்றால் அதில் ஒரு பங்கு உருமாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தானே குடிப்பார்கள்?

மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். கோழிக்கும் வாத்துக்கும் போட்டுவிடாதீர்கள், வாத்துக் குஞ்சு இந்த நஞ்சைக் கொஞ்சமும் தாங்காது. அப்புறம், புது மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகைமேல் வையுங்கள்.

மடிநோய்க்குக் கால்நடை மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள். எல்லா மடிநோய்க்கும் பெனிசிலின் கேட்காது, எந்த மருந்து என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்து ஏற்றினால் அவர் சொல்லும் நாள்வரை பாலை யாருக்கும் ஊற்றாதீர்கள். மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர்கூடச் சரியாகத் தோயாது.